காவோலை கொடுத்துச் செல்லும் செல்வம்

"காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பது தமிழ் மக்களின் நாவில் பழகிய பழமொழி. இளமையின் செருக்கையும் மூப்பின் தளர்ச்சியையும் ஒருங்கே காட்டுவதால், பள்ளிகளில் இம்மொழிக்குத் தனி இடம் உண்டு. ஆயின், சிரிக்கின்ற அந்தக் குருத்தோலை எதனால் ஆனது என்ற வினாவைப் பழமொழி எழுப்புவதில்லை. பயிர்நூலார் அவ்வினாவை எழுப்பி விடையும் கண்டுள்ளனர். முதிர்ந்த இலை, தான் வீழ்வதற்கு முன், தன் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அதிலுள்ள சத்துகளில் பெரும்பங்கைத் தாய்ப்பயிரிடம் ஒப்படைத்துவிடுகிறது. குருத்தின் உடலில் காவோலையின் பொருளும் கலந்திருக்கிறது.

இலை பழுப்பதை அழுகல் என்றோ சிதைவு என்றோ எண்ணுவது பொதுவழக்கம். அழுகல் ஒழுங்கற்றது, எவ்விடத்திலும் தொடங்கும். இலையின் மூப்போ ஒழுங்குடையது. முறை தவறாமல் நடப்பது. செல்கள் உயிருடன் இருந்தே செய்து முடிக்கும் ஒரு வேலை. இந்த வேலையை உணர்ந்து பயிர் செய்வோர்க்கும் உணராமல் செய்வோர்க்கும் விளைச்சலில் வேறுபாடு உண்டு.

வட சிலாங்கூரின் மூன்று பயிர்கள்

இவ்வுண்மையைக் கண்ணாரக் காண வட சிலாங்கூர் வாய்ப்பான வட்டாரம். ஜெராமை அடுத்த சுங்கை செம்பிலாங்கிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் என்று வடக்கு நோக்கிச் செல்பவர், செம்பனைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் அடுத்தடுத்துக் காண்பர். முன்னாளில் தோட்டத் தமிழர்க்குச் சோறிட்ட பால்மரமோ பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டு அருகிவிட்டது.

செம்பனைக்கு இவ்வட்டாரம் தாயகம் போன்றது. பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்ற ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாகச் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். தமிழ்ச் சொல் ஒன்று தோட்டத்தின் பெயராகிச் செம்பனையின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. வடக்கே, 1930களில் தொடங்கிய பாசனத் திட்டத்தின் வழியாகப் பெர்ணம் ஆற்று நீரைப் பெற்ற சதுப்புநிலம், இன்று ஆண்டுக்கு இரு போகம் விளையும் நெல்வயலாக விளங்குகிறது.

பால்மரம், செம்பனை, நெல் ஆகிய இம்மூன்றையும் தொல்காப்பிய மரபியல் வழிநின்று நோக்கினால் ஒரு நயம் புலப்படும். புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் அந்நூல் பகுக்கிறது. ஓலை, ஈர்க்கு, குலை முதலியவற்றைப் புல்லின் உறுப்புகளாகவும், இலை, தளிர், சினை முதலியவற்றை மரத்தின் உறுப்புகளாகவும் பிரித்துச் சொல்கிறது. அவ்வழக்கின்படி பால்மரம் மரம்; செம்பனையும் நெல்லும் புல். இலை மூப்படையும் முறையிலும் இவ்வேறுபாடு இங்கே தெரிகிறது. பால்மரம் பழுத்த இலையைக் காம்பில் அறுத்து உதிர்க்கிறது. நெல்லிலை உதிர்வதில்லை; நின்ற இடத்திலேயே சருகாகிறது. செம்பனை மட்டையும் உலர்ந்து மரத்திலேயே தொங்கும். வெட்டிய பின்னும் அதன் அடிப்பகுதி பல ஆண்டுகள் தண்டைப் பற்றி நிற்கும். ஆயினும் விழும் முறையில்தான் வேற்றுமை. விழுமுன் இலைக்குள் நடப்பது மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே.

இலைக்குள் நடப்பது

இலையின் செல்களில் பசுங்கணிகங்கள் எனப்படும் பச்சை மணிகள் உண்டு. வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் அடுப்பு இவையே. ஓர் இலையிலுள்ள தழைச்சத்தாகிய நைட்ரஜனில் முக்கால் பங்கு வரை இம்மணிகளில்தான் புரதமாகத் தங்கியிருக்கிறது. அவற்றுள் ரூபிஸ்கோ என்னும் புரதம் தலையாயது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மாவுப்பொருளாக்கும் தொழிலைத் தொடங்கிவைப்பது அதுவே. நெல்லிலையின் தழைச்சத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த ஒரு புரதத்தில் அடங்கும். ஆகவே முதிர்ந்த இலை என்பது வேலை செய்யும் பட்டறை மட்டுமன்று. தழைச்சத்தைச் சேர்த்துவைத்த களஞ்சியமும் ஆகும்.

இலை மூப்படையத் தொடங்கும்போது முதலில் கலைக்கப்படுவது இப்பசுங்கணிகமே. செல்லின் உட்கருவும், மூச்சுத் தொழிலை நடத்தும் இழைமணிகளும் கடைசிவரை காக்கப்படுகின்றன. லயத்தைக் காலி செய்து வேறு தோட்டத்துக்குப் போகும் குடும்பம், பெட்டி படுக்கைகளை முதலில் கட்டிவிட்டு, விளக்கை மட்டும் இறுதிவரை அணைக்காமல் வைத்திருப்பதைப் போன்றது இது. கட்டளை பிறப்பிக்க உட்கரு வேண்டும். மூட்டை கட்டும் வேலைக்கு ஆற்றல் தர இழைமணி வேண்டும். இரண்டும் இருந்தால்தான் மற்றவற்றைப் பிரித்து அனுப்ப இயலும்.

பிரிக்கும் வேலையில் ஒரு பங்கு பசுங்கணிகத்துக்குள்ளேயே நடக்கிறது. மற்றொரு பங்குக்கு, செல்லின் நடுவே உள்ள வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பை இடமாகிறது. அந்தப் பைக்குள் புரதங்களை அரிக்கும் நொதிகள் நிறைந்துள்ளன. செல் தன் பொருளையே மெல்லிய சவ்வுறையில் பொதிந்து, இப்பைக்குள் தள்ளிக் கரைத்துக்கொள்கிறது. இதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று 1963ஆம் ஆண்டில் பெயரிட்டவர் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். இச்செயலை நடத்தும் மரபணுக்கள் எவை என்பதை ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, 1990களில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் கண்டறிந்து, அதற்காக 2016ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஈஸ்டில் கண்ட அம்மரபணுக்களின் உறவினங்கள் பயிர்களிலும் உள்ளன.

ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தார் 2003ஆம் ஆண்டில் கோதுமை இலையில் ஒரு காட்சியைக் கண்டு வெளியிட்டனர். மூப்படையும் இலையில், பசுங்கணிகத்தின் ஒரு சிறு பகுதி ரூபிஸ்கோவுடன் உருண்டையாகப் பிரிந்து நிற்பதே அக்காட்சி. அவ்வுருண்டைகள் தன்னுண்ணல் வழியாகவே நீர்ப்பைக்குள் செல்கின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. பசுங்கணிகம் ஒரேயடியாக அழியாமல், சிறிது சிறிதாகக் கிள்ளி எடுக்கப்பட்டுச் சுருங்குவதன் காரணம் இதனால் விளங்கியது. நெல்லில் இம்மரபணுக்களுள் ஒன்று பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பானியர் ஆராய்ந்தனர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, அத்தகைய நெற்செடி முதிர்ந்த இலையின் தழைச்சத்தை மீட்க முடியாமல் வீணாக்கிற்று, வளர்ச்சியும் குன்றிற்று. அதன் மகரந்தம் முதிர்வதில்லை என்பது அதற்கு முந்திய ஆண்டிலேயே தெரிந்தது.

புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாகின்றன. அவற்றிலுள்ள தழைச்சத்து, பயணத்துக்கு ஏற்ற குளூட்டமின், ஆஸ்பரஜின் போன்ற வடிவங்களாக மாறி, இலை நரம்பிலுள்ள புளோயம் என்னும் உணவுக் குழாயில் ஏறுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மக்னீசியமும் அவ்வழியே செல்லும். சேரிடம் பயிருக்குப் பயிர் வேறு. நெல்லில் கதிர்மணி, செம்பனையில் குருத்தும் குலையும், பால்மரத்தில் தண்டும் கிளையும் புதுத்தளிரும் அச்சத்தைப் பெறும். உலகெங்கும் பல்வகை மரம்செடிகளை ஆராய்ந்தவர்கள், இலை உதிருமுன் அதன் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சராசரியாகப் பாதியோ அதற்குச் சற்று மேலோ திரும்ப எடுக்கப்படுகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

பச்சை ஏன் மறைகிறது?

இலை மஞ்சளாவதைக் கண்டு, பச்சையத்தைத்தான் பயிர் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருப்பினும், இலையின் மொத்தத் தழைச்சத்தில் அது நூற்றில் இரண்டு அளவே. அந்தச் சிறு பங்கைப் பயிர் மீட்பதில்லை. பச்சையத்தை நிறமற்ற பொருளாக மாற்றி, நீர்ப்பைக்குள் போட்டுவிடுகிறது. அந்நிறமற்ற பொருளின் அமைப்பு முதன்முதலாக 1991ஆம் ஆண்டில் வாற்கோதுமை இலையைக்கொண்டு தெளிவாயிற்று.

திரும்பப் பெறாத பொருளை இத்துணை முயன்று உடைப்பது ஏன்? காரணம் இரண்டு. முதலாவது, பச்சையம் தன்னைத் தாங்கும் புரதங்களோடு பிணைந்துள்ளது. அதை அகற்றினாலன்றி அப்புரதங்களை உடைத்துத் தழைச்சத்தை எடுக்க இயலாது. இரண்டாவது, பச்சையம் வெயிலைப் பிடிக்கும் பொருள். புரதத்தின் கட்டுக்காவலில் உள்ளவரை, பிடித்த ஆற்றலை உணவாக்கத்துக்குக் கொடுக்கும். காவல் நீங்கித் தனித்து நின்றாலோ, அதே ஆற்றல் ஆக்சிஜனைக் கொடியதாக்கிச் செல்லையே எரித்துவிடும். அடுப்பைக் கலைப்பவர் முதலில் தணலை அவிப்பதைப் போல, செல் முதலில் பச்சையத்தைச் செயலறச் செய்கிறது. அது நீங்கியதும், முன்னரே இலையிலிருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன.

இவ்வேலையின் தொடக்கத்தில் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் நீக்கப்படுகிறது. இதற்குரிய மரபணு பழுதுபட்டால் இலையும் விதையும் பச்சை நீங்காமல் நிற்கும். கிரெகர் மெண்டல் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியில் மஞ்சள் விதை, பச்சை விதை என்று இருவகை கூறினார் அல்லவா? அப்பச்சை விதையின் மறைபொருள் இம்மரபணுவின் பழுதே என்பது 2007ஆம் ஆண்டில் தெரியவந்தது.

ஆணை எங்கிருந்து வருகிறது?

மூப்பின் நேரத்தை ஹார்மோன்கள் ஆளுகின்றன. வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் இலையின் இளமையைக் காக்கும். 1957ஆம் ஆண்டிலேயே, பறித்த மருளூமத்தை இலையில் அவ்வகையைச் சேர்ந்த கைனெட்டினை இட்டபோது, அது பழுக்காமல் நெடுநாள் பச்சையாக நின்றதைக் கண்டனர். இதற்கு எதிராக மூப்பை விரைவுபடுத்துபவை எத்திலீன் வாயுவும் அப்சிசிக் அமிலமும் ஆகும். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பவர், புகையிலுள்ள இந்த எத்திலீனைத்தான் அறிந்தோ அறியாமலோ பயன்படுத்துகின்றனர். வறட்சி, நிழல், சத்துக்குறைவு ஆகியவையும் மூப்பை முன்கூட்டியே வரவழைக்கும். வளரும் மணிகளும் குலைகளும் சத்தைக் கேட்டு இழுப்பதும் ஒரு காரணம்.

பால்மரத்தின் இலையுதிர்காலம்

மலேசியாவின் மேற்குக் கரையில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் வறண்ட நாள்களில் முதிர்ந்த பால்மரங்கள் இலை உதிர்க்கும். பச்சை மஞ்சளாகி, சிவந்து, சில வாரங்களில் மரம் மொட்டையாகும். இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல்வரிசை உண்டு. எத்திலீன் மிகுந்ததும், அவ்வரிசையிலுள்ள செல்களை ஒட்டவைத்த பொருளை நொதிகள் கரைக்கின்றன. இலை தன் எடையாலும் காற்றாலும் விழும். விழுந்த இடத்தைத் தக்கைபோன்ற படலம் மூடிக்கொள்ளும். உதிர்ந்த இலை மரத்திலிருந்து பிய்க்கப்பட்டதன்று; கணக்கு முடித்து விடைபெற்றது.

பின்னர்ச் செம்பு நிறத் தளிர் தோன்றும். புதிய இலைக்கூட்டம் முழுவதையும் மரம் சில வாரங்களுக்குள் கட்ட வேண்டும். பழைய இலைகள் ஒப்படைத்த சத்தும், தண்டிலும் வேரிலும் சேர்ந்த மாவுப்பொருளும் இதற்குச் செலவாகின்றன. அதனால் பால் குறைகிறது. பால் எடையை ஒட்டிக் கூலி கணக்கிட்ட தோட்டங்களில், இவ்வாரங்கள் வெட்டுத் தொழிலாளர் வீட்டில் பற்றாக்குறைக் காலம். அப்போது பட்டையை வற்புறுத்தி வெட்டினால், தளிருக்குச் செல்ல வேண்டிய பொருளைப் பாலாக எடுத்ததாகும். வெட்டைக் குறைப்பதோ நிறுத்துவதோ மரத்துக்கு நலம்.

நோயால் விழும் இலையின் கதை வேறு. தளிர்ப் பருவத்தில் ஓய்டியம், கொலட்டோட்ரைக்கம் ஆகிய பூசணங்கள் பற்றினால், இளந்தளிர் எதையும் திருப்பிக் கொடுக்காமல் கொட்டிவிடும். 2017ஆம் ஆண்டளவில் மலேசியத் தோட்டங்களில் காணப்பட்ட பெஸ்டலோட்டியோப்சிஸ் இலைநோய் முதிர்ந்த இலைகளைக்கூடக் காலமல்லாக் காலத்தில் உதிர்க்கிறது. முறையாகப் பழுத்து உதிரும் இலையால் மரத்துக்கு இழப்பு சிறிது. நோயால் விழும் இலையால் இழப்பு பெரிது. மரம் மொட்டையாகத் தோன்றுவது இரண்டிலும் ஒன்றாயினும், உட்பொருள் வேறு.

செம்பனை மட்டை சொல்லும் செய்தி

செம்பனை ஒரே காலத்தில் இலை உதிர்ப்பதில்லை. ஆண்டுக்கு இருபது முதல் இருபத்து நான்கு மட்டைகள் வரை மேலே விரியும். அதே அளவு கீழே முதிரும். ஆகவே ஒரு மரத்தின் தலையிலேயே குழந்தை முதல் கிழவர் வரை எல்லாப் பருவமும் படிப்படியாக நிற்கின்றன. இது பயிரின் குறை நிறைகளை அறிய நல்ல கருவி.

மக்னீசியம், சாம்பல்சத்து, தழைச்சத்து ஆகியவை முதிர்ந்த இலையைவிட்டு இளைய இலைக்கு நகரக்கூடியவை. எனவே மண்ணில் இவை குறைந்தால் முதலில் வாடுவது கீழ்மட்டையே. மூத்தவர் தம் பங்கை இளையவர்க்கு விட்டுக்கொடுப்பது போன்றது இது. மக்னீசியம் குறைந்த செம்பனையின் அடிமட்டை, வெயில் படும் இடத்தில் ஆரஞ்சு நிறமாகும். மற்றோர் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே நிற்கும். போரானும் கால்சியமும் எளிதில் நகராதவை. போரான் குறைந்தால் குருத்து வளைந்தும் சுருங்கியும் தோன்றும். குறை கீழே தெரிகிறதா, மேலே தெரிகிறதா என்று நோக்கினாலே பாதி நோயறிவு முடிந்துவிடும். மரத்தின் உரத்தேவையை ஆய்வுக்கூடத்தில் அறிய, குருத்திலிருந்து எண்ணிப் பதினேழாவது மட்டையை எடுப்பது வழக்கம். மிக இளையதும் மிக முதியதும் இல்லாத நடுப்பருவம் அது.

குலை வெட்டுபவர் குலைக்கு அடியிலுள்ள மட்டையையும் வெட்டுவது உண்டு. வேலை எளிதாகும் என்று பச்சை மட்டைகளை மிகுதியாகக் கழித்துவிட்டால், மரம் இரு வகையில் இழக்கிறது. உணவு சமைக்கும் பரப்புக் குறைகிறது. அம்மட்டை மூத்து ஒப்படைக்க இருந்த சத்தும் வெட்டுண்டு கீழே விழுகிறது. தளர்ந்த மரத்தில் ஆண்பாளை மிகுந்து குலை குறையும். அத்தண்டனை உடனே வராது. பல மாதம் கழித்து வரும். அதனால்தான் பழுத்த குலைக்குக் கீழே ஒன்றிரண்டு மட்டைகளையேனும் விட்டுவைக்க வேண்டும் என்பது தோட்ட விதியாயிற்று. முறையாகக் கழித்த மட்டைகளிலும் சாம்பல்சத்து மிகுதியாக உண்டு. ஓர் எக்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து டன் உலர்பொருள் இவ்வாறு விழுகிறது. அதை வரிசைகளுக்கிடையே அடுக்கி மக்கவிடுவது, இலை மரத்துக்குக் கொடுக்காமல் விட்ட எஞ்சிய பங்கை மண் வழியாகக் கொடுப்பதாகும்.

நெல்லின் கண்ணாடி இலை

நெல்லில் மூப்பு அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும். கதிர் வெளிவந்தபின் மணியை நிரப்புவது பெரும்பாலும் மேல் மூன்று இலைகளே. அவற்றுள் கண்ணாடி இலை எனப்படும் கடைசி இலை முதன்மையானது. இங்கே பயிர் ஒரு தர்மசங்கடத்தில் நிற்கிறது. மணிக்கு மாவுப்பொருள் வேண்டுமானால் இலை பச்சையாக நின்று சமைக்க வேண்டும். மணிக்குப் புரதம் வேண்டுமானால், சமைக்கும் அடுப்பையே உடைத்து அனுப்ப வேண்டும். ஏனெனில் அறுவடைக்கால நெற்கதிரிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே இலையிலும் தண்டிலும் சேர்ந்திருந்து மீட்கப்பட்டதே.

மூப்பைத் தள்ளிப்போட்டால் விளைச்சல் எப்போதும் பெருகும் என்று சொல்வதற்கில்லை. காட்டுக் கோதுமையிலிருந்து 2006ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட ஒரு மரபணு, இலையை விரைவில் பழுக்கச்செய்து மணியில் புரதத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கூட்டுகிறது. ஆய்வில் அதன் வகையைச் சேர்ந்த மரபணுக்களின் செயலை அடக்கியபோது, இலை மூன்று வாரத்துக்கு மேல் பச்சையாக நின்றது. மணியின் புரதமும் அவ்விரு உலோகச் சத்துகளும் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் குறைந்தன. வயலிலும் இதே பாடம் உண்டு. கதிர் முற்றும்வரை கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று தழைச்சத்தை அளவின்றி இட்டால், பயிர் சாயும், குலைநோய்க்கும் இடமாகும். போதிய காலம் பச்சையாக நின்று, பின் விரைந்து ஒப்படைக்கும் இலையே சிறந்த இலை.

கதிர் அறுத்தபின் எஞ்சும் வைக்கோலில், பயிர் உறிஞ்சிய சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை தங்கிவிடுகிறது. மணிச்சத்தில் பெரும்பங்கு மணிக்குச் சென்றுவிட, இது மட்டும் தாளில் நிற்கும். வைக்கோலை எரித்தால், எஞ்சிய தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் புகையாகும். மற்றச் சத்துகளிலும் ஒரு பங்கு போகும். வயலிலிருந்து முழுவதுமாக அள்ளிச் சென்றால் சாம்பல்சத்து வயலை விட்டே நீங்கும். மடித்து உழுது மக்கவிட்டால் அடுத்த போகத்துக்கு உதவும்.

இரண்டு கணக்குகள்

ஆக, ஓர் இலைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. உயிருள்ளபோது பயிரிடம் ஒப்படைப்பது முதற்கணக்கு. சருகான பின் மண்ணிடம் ஒப்படைப்பது இரண்டாம் கணக்கு. பச்சை மட்டையை வெட்டுபவர் முதற்கணக்கில் கைவைக்கிறார். சருகை எரிப்பவர் இரண்டாம் கணக்கை அழிக்கிறார். இரண்டிலும் ஏற்படும் குறையைக் கடைசியில் காசு கொடுத்து வாங்கும் உரத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

பழமொழியை விளக்கும் தமிழாசிரியர், வகுப்பறைக்குப் பழுத்த இலை ஒன்றையும் அதே செடியின் தளிர் ஒன்றையும் எடுத்துச்சென்று, மாணவர் கையில் கொடுக்கலாம். பழுத்தது வெளிறியிருப்பதையும், தளிர் செழித்திருப்பதையும் அவர்கள் கண்ணாலேயே காண்பர். குருத்தோலை சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்கான பொருளை அனுப்பிவைத்த பின்னரே காவோலை விழுந்தது என்பதை மட்டும் அவர்கள் அறிந்துகொண்டால் போதும்.